சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு அக்டோபர் மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் குன்னம் பக்கத்தில் இருக்கிறது. என் கணவர் அப்போது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, லோடு ஏற்றி முடித்து மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டார். தலையில் நல்ல அடி. திருச்சிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். ஆறு நாளாகியும் கண் திறக்கவில்லை. டாக்டரிடம் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார், அவ்வளவுதான்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்லாத நாளே கிடையாது. அவர் வண்டியோடு போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல். அதற்கு முந்தின மாதம்கூட ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ் ஏறிப் போய் அதையேதான் மாதாவிடம் கேட்டுவிட்டு வந்தேன். கேட்டதற்கு இதுதானா பதில் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விபத்துக்கு மறுநாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, ஆணியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் திணித்தேன். அங்கன்வாடிப் பிள்ளைகள் சண்டை வந்தால் டூ விடுவார்களே, அந்த மாதிரி நான் சாமியோடு டூ விட்டுவிட்டேன்.

அக்டோபர், ஜெபமாலை மாதம். எங்கள் ஊரில் அந்த மாதம் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து, மெழுகுவர்த்தி பிடித்துப் பாடிக்கொண்டே எடுத்துப் போவார்கள். வாங்கிக்கொண்ட வீட்டுப் பெண்தான் அன்றைக்கு ஜெபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி ஜெபம் சொல்ல வேண்டும். எங்கள் முறை அந்த வியாழக்கிழமை. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாருக்கு நான் போன் போட்டேன்.

"எங்க வூட்டு பேர அடிச்சுடுங்க. எங்க வூட்டுக்கு மாதா வர வேணாம்" என்றேன்.

அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அதே வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். அது டிரங்குப் பெட்டியில் இருந்தது. தம்பியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஊரில் இறங்கித் தெருவுக்குள் நுழையும்போது மணி ஆறு இருக்கும். பக்கத்து வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எனக்குத் தெரியாமல் ஏதாவது செய்தி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எட்டிப் பார்த்தேன்.

அந்த வீட்டுக்காரி என்னைவிட நாலைந்து வயது சின்னவள். வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவள். வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். கோயில் பக்கம், அதாவது எங்கள் மாதா கோயில் பக்கம், அவள் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

டி.வி.யைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அந்த மேஜையில் மஞ்சள் துணி விரித்து மாதாவை வைத்திருந்தாள். கழுத்தில் கனகாம்பரச் சரம், காலடியில் குங்குமம். மேலே சுவரில் மாரியம்மன் படம். எங்கள் தெரு ஆட்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் ஒரு மூலையில் தலை குனிந்திருந்தார். அவள்தான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகம் இல்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. ஒரு வார்த்தை பிசகவில்லை. பத்தாவது மணி முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"வண்டியில போன மனுசன் முழுசா வூடு வந்து சேரணும் தாயே" என்றாள்.

எல்லோரும் அதைத் திரும்பச் சொன்னார்கள்.

அந்த வரி எந்த ஜெபப் புத்தகத்திலும் கிடையாது. அது என்னுடையது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு பத்து மணிக்கும் கடைசியில் நானாகச் சேர்த்துச் சொன்னது. ஜெபமே அப்படித்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்து வந்தாள்.

"கோச்சுக்காதீங்க அக்கா. உபதேசியாரு எதுத்த வூட்டுல சொல்லிட்டிருந்தத கேட்டேன். மாதா ஒங்க வூட்ட தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்? அதான் ஒங்க மொறைய நான் வாங்கிக்கிட்டேன். சோறாக்கறப்ப தெனம் நீங்க சொல்றது கேக்கும். கூடவே சொல்லிப் பழகிட்டேன். ஆறு நாளா அந்தாண்ட சத்தமே இல்ல. சரி, நிக்கக்கூடாதுன்னு நானே சொல்லிட்டிருக்கேன்." கொஞ்சம் தயங்கி, "சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சரிதான்டி" என்றேன்.

என் வீட்டைத் திறந்து டிரங்குப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்தேன். சேலைக்கு அடியில் கையை விட்டு ஜெபமாலையையும் எடுத்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அடுத்த பத்து மணியைச் சொல்ல ஆரம்பித்தேன். நாலாவது மணியில் அழுகை வந்துவிட்டது. அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அவர் கண் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இடது கை இன்றைக்கும் சரியாக வரவில்லை. இனி லாரி ஓட்ட முடியாது. ஊரிலேயே ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறார். அன்றைய ஜெபத்தால்தான் பிழைத்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அது ஆண்டவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் டூ விட்டிருந்த அந்த ஆறு நாளும் என் ஜெபம் நிற்கவே இல்லை.

இப்போதும் ஏழு மணிக்குச் சொல்கிறோம். சோர்ந்துபோய் என் குரல் இறங்கினால், அந்தப் பக்கமிருந்து கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு விழும். என் விசுவாசம் எனக்குள்ளேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அதில் பாதியை ஆண்டவர் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் கை தானாகக் கும்பிடுகிறது.