உங்கள் விருப்பம், மதாம்

பிரான்சில் பிள்ளைகள் இறங்கி இறங்கித்தான் மேலே போகவேண்டும். என் மகள் சுகந்தி ஆறாம் வகுப்பை முடித்ததும் ஐந்தாம் வகுப்பில் விட்டார்கள். தோற்றுவிட்டாள் என்று நினைத்து நான் வீட்டில் போட்ட கூச்சல் மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்கும். இங்கே வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள் என்று அவள் அழுதழுது விளக்கினாள். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். பாரிஸில், லா சப்பலில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இதே கூத்தை ஆடியவர்கள்தான். ஆனால் மூன்றாம் வகுப்பில் சிரிக்க ஒன்றுமில்லை. அதன் முடிவில், பதினைந்து வயதில், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் லிசே என்னும் மேல்பள்ளிக்கா, தொழில் பழக்கும் லிசேக்கா என்று பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அது தெரியாது. ஊரைப்போலப் பள்ளி முடிவில் ஏ.எல். சோதனை வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சுகந்திக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை.

அந்த ஜூனில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு குசினியைத் தாண்டாது. ஆகவே சுகந்திதான் மொழிபெயர்த்தாள். ஆசிரியை நல்ல மனுஷி. கதிரையை அவரே இழுத்துப் போட்டார். நிறையப் பேசினார்.

"கணக்கில கெட்டிக்காரியாம், அப்பா. பிரெஞ்சுதான் காணாதாம். தையல் படிக்கிற லிசே எனக்கு நல்லமாம். நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு கேக்கிறா."

"உங்கட விருப்பம், மதாம், நீங்கள் சொன்னால் சரி எண்டு சொல்லு."

சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ஆசிரியை சிரித்தபடி கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார்.

ஊரில் என் ஐயா தன் இளைய மகனை, என் தம்பியை, மேல்வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியரிடம் இதையேதான் சொன்னார். "என்ர விருப்பமோ? உவனுக்கு மூளை இருக்கு, சயன்ஸில விடும் காணும்" என்று அவர் சீறி விழுந்தார். எங்களூரில் அது மரியாதைக்குச் சொல்வது. இனி என் பிள்ளைக்காக நீங்கள் வாதாடுங்கள் என்று அர்த்தம். அந்தச் சீறலுக்காகத்தான் நானும் கைகட்டிக் காத்திருந்தேன். வரவில்லை. படித்த மனுஷிக்குத் தெரியாததா என்று கையெழுத்தைப் போட்டேன்.

ஜூலையில், ஃபொபூர் சேன்-தெனி வீதியில் ஒரு மளிகைக்கடையில், தபால் கந்தோரில் வேலை செய்யும் புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "என்னங்க நீங்க, 'நோன்', முடியாதுன்னு சொல்லியிருக்கணும். பெத்தவங்க ஒத்துக்கலன்னா திரும்பப் பார்ப்பாங்க. அதுக்குத்தான் உங்களைக் கேக்கறதே!"

"இப்பச் சொல்லேலாதோ?"

"சில நாள்தான் தவணை. இப்ப பள்ளிக்கூடமே மூடியாச்சே."

சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஊரில், பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து தம்பியின் படிப்பை மறித்தது. அரசாங்கத்தைத் திட்டித் திட்டியே இத்தனை வருடம் ஓட்டினேன். என் மகளின் படிப்பை மறித்தது எந்த அரசாங்கமும் இல்லை, நான். இனி யாரைத் திட்ட? வீட்டுக்குப் போய் அவளையே கேட்டேன், வெட்கமில்லாமல்.

"நீயாவது அவவிட்ட மாத்திச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"நீங்கள் சொன்னதைத்தானே, அப்பா, சொன்னன். மாத்திச் சொன்னால் பொய்யெல்லோ."

குளிர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சியின் கடிதம் வந்தது. சண்டையால் பள்ளிக்கூடம் பாதிநாள் பூட்டாம். ஆனாலும் அவள் மகள் டாக்டருக்குப் போகும் பயோ பிரிவில் படிக்கிறாளாம். 'சுகந்தியும் பயோதானே, அண்ணை? டாக்குத்தராகி வந்து என்னையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ' என்று எழுதியிருந்தாள். இரண்டு கிழமை என்னால் பேனையைத் தொட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகந்தியே மேசைக்கு முன்னால் இருந்து பதில் எழுதி, என்னிடம் நீட்டினாள். குழந்தைத்தனமான தமிழ் எழுத்து. 'மாமி, நான் பயோதான் படிக்கிறேன். போன கிழமை தவளை வெட்டினோம். அப்பா சுகமாக இருக்கிறார்.'

வாசித்து முடித்து, உறையை ஒட்டி, முகவரியை எழுதினேன். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சுகந்தி டாக்டருக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இங்கே ஒருத்தி அளவுநாடாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு காலையில் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறுகிறாள். இரண்டு பேருக்கும் நான்தான் அப்பா.