ஜவாத் காக்காவின் மஞ்சள் கடவை

சைக்கிளில் மீன் விற்கும் ஜவாத் ஒரு வேன் தட்டிக் கால் நொண்டியானவர். பிறகு மூன்று வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக மனுவோடு அலைந்து, பள்ளிவாசலுக்கு முன்னால் வீதியை நடந்து கடக்க மஞ்சள் கடவை போடுவித்தார். முதல் வெள்ளிக்கிழமையே அதன் இரண்டு முனையிலும் மோட்டார் சைக்கிள்கள் ஏறி நின்றன.

“தம்பி, இது நடந்து போற ஆக்கள்ற வழிதானே?” என்றார், மோட்டார் சைக்கிளைப் பூட்டிய ஒருவனிடம்.

“ஏன் காக்கா, உங்கட பேரா எழுதிக் கிடக்கு? குத்பா பிரசங்கம் முடியப் போகுது, பிறகு கதைப்பம்.” அவன் பாய்ந்து வீதியைக் கடந்துவிட்டான்.

மோட்டார் சைக்கிள்களால் கோடு மறைந்து கிடக்க, பஸ்ஸும் நிற்கவில்லை, லொறியும் நிற்கவில்லை. ஜவாத் இரண்டு தரம் இறங்கி இரண்டு தரமும் பின்வாங்கினார். ஒலிபெருக்கியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையை முடிக்கும் சலாம் கேட்டது.

யா அல்லாஹ், எல்லாரும் தொழ வந்த ஆக்கள், யாரை ஏசுறது? பக்கத்துக் கடை வாசலில் சால்வையை விரித்து, ஜும்ஆ தவறியவர் தொழும் ளுஹரைத் தனியே தொழுதார்.