பெல்ட்டை இழுத்துப் பார்க்கிற கம்பெனி

இரண்டு கம்பெனிகள் ஒன்றாகும்போது சம்பளம், லீவு, பி.எஃப். இவற்றில்தான் சண்டை வரும் என்று நினைத்திருந்தேன். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பராமரிக்கும் எங்கள் கம்பெனி, அதே வேலை செய்த ஒரு சிறிய கம்பெனியை வாங்கியபோது நான் நாகர்கோவில் ஆபீசில் எச்.ஆர். சம்பள விஷயமெல்லாம் சுமுகமாக முடிந்தது. இரண்டு பக்கத்து ஆட்களையும் கலந்து ஜோடி போட்ட முதல் வாரமே வினை வந்தது.

அந்தக் கம்பெனியிலிருந்து வந்த செல்வின், எங்கள் ஆள் முருகனோடு டவரில் ஏறமாட்டேன் என்று கீழேயே உட்கார்ந்துவிட்டான். நல்ல காற்று வீசுகிறது, மெஷின் நிற்கிறது. சென்னை மேனேஜர் போனில் குதித்தார்.

"ஏறமாட்டேன்னா என்னங்க அர்த்தம்? சாயங்காலத்துக்குள்ள சஸ்பெண்ட் ஆர்டர் போடுங்க."

போட்டுவிடலாம். ஆனால் வருஷக்கணக்காக ஏறுகிறவன் இன்றைக்கு மட்டும் ஏன் ஏறமாட்டான்? தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே சைட்டுக்குப் போய் இருவரையும் தனித்தனியே கேட்டேன்.

முருகன் முகத்தை உம்மென்று வைத்திருந்தான். "மேடம், வந்ததும் வராததுமா டவர் ஏற மாட்டுற எனக்க சேஃப்டி பெல்ட்டைப் பிடிச்சு இழுத்துப் பாக்கான். எனக்கு பெல்ட் போடத் தெரியாதாக்கும்? கையைத் தட்டிவிட்டேன்."

செல்வின் சொன்னது வேறு. "நாங்க ஒருத்தனுக்க பெல்ட்டை மற்றவன் இழுத்துப் பாக்காம ஏறவே மாட்டோம் மேடம். இந்த அண்ணன் எனக்க பெல்ட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல்ல. நான் விழுந்தா அவருக்கு என்ன? இவரை நம்பி எப்பிடி மேல போக?"

எனக்கு வியப்பு தாங்கவில்லை. எங்களிடம் அவனவன் பெல்ட்டை அவனவன்தான் பார்ப்பான். அடுத்தவன் தொட்டால் அவமானம். அங்கே தொடாவிட்டால், நீ செத்தாலும் எனக்குக் கவலையில்லை என்று பொருள். இத்தனை நாள் கூட்டம் போட்டுப் பேசிய நாங்கள் இதைக் கேட்கவே இல்லை.

செல்வின் சொன்னதை முருகனிடம் அப்படியே சொன்னேன். "நான் விழுந்திருவேன்னு பயந்தா இழுத்தான்?" என்றான். பிறகு செல்வின் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"நல்லா இழுத்துப் பாரு மக்கா. அடுத்தால நீ திரும்பு."

இருவரும் ஏறினார்கள். சஸ்பெண்ட் பேச்சு அதோடு போயிற்று. ஜோடி போடுமுன், வேலை தொடங்கும்போது ஒருவருக்கொருவர் என்ன செய்வீர்கள் என்று அதன்பிறகு எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன்.

சில மாதம் கழித்து மேனேஜர் சைட்டுக்கு வந்தார். டவர் ஏற அவர் பெல்ட் மாட்டியதும், முருகன் கேட்காமல் கொள்ளாமல் அதைப் பிடித்து இழுத்தான். மேனேஜர் திடுக்கிட்டார்.

"என்னப்பா பண்றே?"

"எங்க கம்பெனில இப்பிடித்தான் சார்," என்றான் முருகன்.

கம்பெனிகள் எப்போது ஒன்றாகின்றன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.