கல்யாணத்துக்கு இளைத்தவள்

பூர்ணிமா ஜிம்மில் சேர்ந்தது அப்பாவுக்குக் கல்லீரல் கொடுப்பதற்காக. அது அவள் வீட்டாருக்குத் தெரியும். வெளியில் எனக்கு மட்டும் தெரியும். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை.

அவள் அப்பா உத்திராபதி குடிப்பழக்கமே இல்லாதவர். கல்லீரல் கெட்டுவிட்டது என்றபோது, அவர் குடிக்காதவர் என்பதைப் புதுச்சேரியில் ஒருவரும் நம்பவில்லை. "அண்ணன் எந்தக் கடையில வாங்குவாரு?" என்று பார்க்க வந்தவர்களே கேட்டார்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் சோதித்ததில் பூர்ணிமாவின் ரத்தம் பொருந்தியது. ஆனால் அவளுடைய கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. உடற்பயிற்சி செய்து அதைக் கரைத்துக்கொண்டு வந்தால் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அப்பாவுக்கு வைக்கலாம் என்றார்கள். அதுவரை அப்பா தாங்க வேண்டும்.

அவள் அம்மா அஞ்சலாட்சி ஒன்றே ஒன்று சொன்னார். "வெளிய மூச்சு விடாத. வயித்த அறுத்த பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? யாராவது கேட்டா கல்யாணத்துக்கு எளைக்கிறேன்னு சொல்லிடு."

மூலக்குளத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த ஜிம். பயிற்சியாளர் செல்வகுமாரிடமும் அவள் அதையே சொன்னாள்.

"தேதி வச்சாச்சா மேடம்?"

"சீக்கிரம் வச்சிடுவாங்க."

"அப்ப கல்யாணப் பொண்ணுங்களுக்குத் தனி டிரெய்னிங் இருக்கு. அதுல போட்டுடுறேன்."

பள்ளிக்கூடத்தில்கூட ஓடியவள் இல்லை அவள். முதல் நாள் ஸ்குவாட் செய்துவிட்டு மறுநாள் கம்பெனிப் படிகளில் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்கினாள். பசை ஒட்டும் பெண்கள் சும்மா விடவில்லை. "மாப்பிள்ளைக்காக இப்பவே இந்தப் பாடா? தாலி ஏறினப்புறம் எப்படி எறங்குவ?" அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அப்பாவுக்கு மட்டும் தினமும் கணக்குச் சொல்ல வேண்டும். "இன்னிக்கு எவ்ளோ தூக்கினம்மா?" என்பார். அவள் சொன்னதும், "அரிசி மூட்டைக்கு இன்னும் தூரம் கெடக்கு" என்று கண்ணை மூடிக்கொள்வார். மஞ்சள் பூத்த முகத்தில் அந்த நேரம் மட்டும் ஒரு சிரிப்பு இருந்ததாம்.

முதலில் நன்றாக இறங்கிய எடை பிறகு நின்றுவிட்டது. அப்பாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. செல்வகுமார் ஒரு மாத்திரை டப்பாவை நீட்டினார்.

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் கடைசியில இதத்தான் குடுப்பேன். மூலிகை மேடம், ஒண்ணும் ஆவாது."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். பக்கத்து டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தவள் அவள் தெருக்காரி. பூர்ணிமா டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதை முழுங்கத் தொடங்கிய வாரமே எடை மறுபடி இறங்கியது, சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

சென்னையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், கொழுப்பு கரைந்துவிட்டது என்றார். ரத்தப் பரிசோதனை வந்தபின் அவர் குரல் மாறிவிட்டது. "லிவர் அடிபட்டிருக்கு. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" அவள் சொன்னாள். "யாருக்காக எளைக்கிறீங்கன்னு மாத்திரை குடுத்தவருகிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் தேறிவிடும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அவளுக்குத் தேறியது. அதற்குள் உத்திராபதி ரத்தமாக வாந்தி எடுத்து, ஊர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

சாவு வீட்டுக்குச் செல்வகுமாரும் மாலையோடு வந்தார். "உங்க கல்யாணத்தப் பாக்காமப் போயிட்டாரே மேடம்" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

கருமாதி முடிந்து இலை எடுத்தபின் அப்பாவின் தங்கை செல்வாம்பாள் பேச்சைத் தொடங்கினார். "வருஷம் திரும்புறதுக்குள்ள இவ கல்யாணத்த முடிச்சிடணும் அண்ணி. வில்லியனூர்ல ஒரு பையன் இருக்கான். பொண்ணும் நல்லா எளைச்சு லட்சணமா இருக்கு."

அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாருங்களேன்" என்றார்.

பூர்ணிமா எழுந்து நின்றாள். "நான் கல்யாணத்துக்கு எளைக்கல அத்தை. அப்பாவுக்கு ஈரல் குடுக்க எளைச்சேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு எதையோ முழுங்கி, கெடுத்துட்டேன்."

செல்வாம்பாள் அவள் கையை வெடுக்கென்று இழுத்து உட்கார வைத்தார்.

"மெதுவா பேசுடி. வில்லியனூர்க்காரங்க வாசல்லதான் வெத்தலை போட்டுட்டு இருக்காங்க."