கடைசித் தாளைக் கிழித்து வைத்தவன்

துப்பறியும் நாவலை வாடகைக்கு விடுகிறவனுக்கு, கொடுப்பது தொழில் இல்லை, கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான் தொழில். எழுபதுகளில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டபோது அதற்கு நான் கண்ட வழி: ஒவ்வொரு நாவலிலும் கடைசித் தாளைக் கிழித்துப் பெட்டியில் பூட்டிவிடுவேன். முடிவு தெரியவேண்டுமா, புத்தகத்தோடு வா, நின்று படி, போ. காணாமல் போனவருக்காகப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சைத் தேய்த்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஊர்?

என் தம்பி சேகர் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் கல் கொத்தினான். ஒரு சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறியவன் வீடு வந்து சேரவில்லை. நாவலில் இந்த இடத்தில் டெலிபோன் அடிக்கும், இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டுவார், ஜீப் சீறும். நான்தான் சீறினேன். முதல் ஸ்டேஷனில் "பஸ் ஏறின ஊருக்குப் போ" என்றார்கள். அங்கே, "வூடு இருக்கற ஊருக்குப் போ." பழைய பேப்பர்காரனிடம் கால் ரூபாய்க்கு அரை நாள் மல்லுக்கட்டுகிறவன் நான், வழியில் திருக்கழுக்குன்றத்தில், மூன்றாவது ஸ்டேஷனில் மேஜையைக் குத்தினேன். அங்கிருந்த ஏட்டு கோபமே படவில்லை. "அண்ணாத்த, பஸ்ஸு ஓடிகினே கீது. எந்த எடத்துல காணாம பூட்டான்னு நீ கண்டுபுடிச்சுகினு வா, நாங்க தேடறோம்."

அடையாளம்

கடைசியில் மனுவை வாங்கிக்கொண்டவர் எங்கள் ஊர் ஸ்டேஷன் ரைட்டர் ஏகாம்பரம். என் கடையின் தீராத வாசகர். போட்டோ கேட்டார். இருந்தது அக்கா கல்யாணத்தில் எடுத்த ஒன்றுதான். அதிலும் சேகரின் பாதி முகத்தை மாமாவின் தலைப்பாகை மறைத்திருந்தது. நாவல் போலீஸ் பூதக்கண்ணாடியை எடுக்கும். இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வலது கட்டைவிரல்ல நகம் கெடையாது சார், சுத்தி பட்டுப் போச்சு" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "பட்டறையில கொத்தறவன் எவனுக்குப்பா முழு நகம் கீது?"

கடப்பாக்கம்

மூன்று வாரம் கழித்து, கடப்பாக்கம் கடற்கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாக ரைட்டர் ஆள் அனுப்பினார். போனேன். முகம் என்று எதுவும் மிச்சமில்லை. பாயை விலக்கி வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் நகம் இருந்தது! மணலில் உட்கார்ந்து சிரித்தேனாம், எனக்கு நினைவில்லை. பாயை இழுத்து மூடிய மீன்காரம்மா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "சிரிக்காத நைனா. இதையும் எவனோ ஒருத்தன் தேடிகினுதான் இருப்பான்."

பேரம்

எட்டு மாதம் ஓடியது. ஏகாம்பரம் ஒரு நாவலோடு வந்து கடைசித் தாளைக் கேட்டார். அதிலும் ஒருவன் காணாமல் போகிறான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. தாளை எடுத்துக் கைக்குள் கசக்கிப் பிடித்தேன்.

"எந்தம்பி இன்னா ஆனான்னு நீ சொல்லு சார், இவன் இன்னா ஆனான்னு நான் சொல்றேன். சரிக்குச் சரி."

பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. வாழ்க்கையில் நான் படியவைக்காத பேரம் கிடையாது. அவர் புத்தகத்தைப் பலகைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "அந்த இன்ஸ்பெக்டருக்குக் கதை எழுதறவன் சொல்லிக் குடுத்துடறான், ஆளு எங்க கீறான்னு. எனக்கு எவன்யா சொல்லுவான்?"

அன்றோடு தாள் கிழிப்பதை விட்டேன். இப்போது புத்தகங்களும் திரும்பி வருவதில்லை.