மூன்று ரத்தக்குழாய்கள்

நான் பொய் சொன்னேன். என் தம்பி சாவோடு போராடியபோது, அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்!

தம்பி சேகர் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, டயாலிசிஸில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். சிறுநீரகம் கொடுக்க நான்தான் முதலில் முன்வந்தேன். "அக்கா நான் இருக்கேன்டா" என்றேன். கொல்கத்தாவின் டாக்குரியாவில் எங்கள் சொந்தபந்தம் எல்லாம் என்னைக் கொண்டாடியது.

ஸ்கேன் எடுத்தார்கள். பெரும்பாலோருக்குச் சிறுநீரகத்துக்கு ஒரே ஒரு பெரிய ரத்தக்குழாய்தான் போகுமாம், எனக்கு இரண்டு. வெளியே எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து, இரண்டையும் ஒன்றாகத் தைத்த பிறகே பொருத்த வேண்டும். நேரம் பிடிக்கும், குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் சற்றுக் கூடுதல் என்று மருத்துவர் விளக்கினார். ஆனாலும் செய்யலாம் என்றார்.

செய்யலாம் என்றார்... கேட்டீர்களா?

வெளியே வந்து, "என்னோடது சரிப்படாதாம்டா" என்றேன். நோயாளியான அவன் என் கையைப் பிடித்துத் தேற்றினான். எனக்கோ உள்ளுக்குள் எத்தனை நிம்மதி! கத்திக்கு அஞ்சிய நெஞ்சுக்கு என் உடம்பே ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டது.

அடுத்து முன்வந்தவள் அவன் மனைவி மௌசுமி. பெஹாலாவில் பிறந்த வங்காளிப் பெண். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றவள். அதுவரை அவளை நான் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

அவளுக்கு மூன்று ரத்தக்குழாய்கள்!

துணைக்குப் போன நானும் அந்த அறையில் இருந்தேன். அவளும் பின்வாங்க வேண்டுமென்று விரும்பினேனா? இன்றுவரை அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குத் துணிவில்லை...

"உங்களால இத சேர்த்துத் தைக்க முடியுமா?" என்று மட்டும் அவள் வங்க மொழியில் கேட்டாள். முடியும் என்றார் மருத்துவர். அக்கா முறையில் என்னைத் 'தீதி' என்றே கூப்பிடுபவள், உடனே என் பக்கம் திரும்பினாள்.

"மூணு இருந்தா என்ன தீதி? அவருக்கு நல்லா வேலை செஞ்சா போதும்!"

மருத்துவர் என்னை ஒரு கணம் பார்த்தார். என் இரகசியத்தைக் காத்தார்.

நூலினும் மெல்லிய இழையால் மூன்றையும் இணைத்த அந்தக் கைகளை என்னவென்று புகழ்வேன்! ஆனாலும் பொருத்திய சிறுநீரகம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. தையல் போட்ட விலாவை அழுத்திப் பிடித்தபடி மௌசுமி தினமும் அவன் அறைக் கண்ணாடிவரை நடந்தாள். ஒரு காலையில் சிறுநீர் இறங்கத் தொடங்கியது என்று செவிலி சொன்னபோது, அவள் சத்தமாகச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை!

சேகர் இப்போது பஸ் ஏறிக் கிடர்பூருக்கு வேலைக்குப் போகிறான்.

இந்த ஆண்டு துர்கா பூஜையின்போது பெஹாலாப் பந்தலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைப் புகழ்ந்தார்கள். அவளோ என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"தீதிதான் மொதல்ல குடுக்க வந்தாங்க. அவங்களப் பார்த்துதான் எனக்கு தைரியமே வந்துச்சு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் மறுக்கவில்லை... இன்னும் மறுக்கவில்லை.