மாத்திரையில் ஒரு பங்கு

எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த அண்ணாச்சி ஒரு மூச்சை இழுத்து, நெஞ்சுக்குள் நிறுத்தி, அப்புறம்தான் பதில் சொல்வார். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர். உப்புத் தண்ணீரில் சிவந்த கண்கள். அகன்ற நெஞ்சு, இதற்குள்ளா அடைப்பு என்று முதல் நாள் நினைத்தேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு புது மாத்திரை எவ்வளவு உதவுகிறது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வில் அவரும் இருந்தார். மாத்திரை கொடுத்து விசாரிக்கிற நர்ஸ் நான்.

ஒரு நாள் அவர் திருப்பிக் கொண்டுவந்த காலி மாத்திரை அட்டைகள் எண்ணிக்கையில் சரியாக இருந்தன. "எல்லாத்தையும் நீங்கதான சாப்பிட்டீங்க, அண்ணாச்சி?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

மூச்சை இழுத்தவர் வெகுநேரம் விடவில்லை.

"பாதிதான் நான். மீதி என் கூட்டாளிக்கு. நான் கடலுக்கு அடியில கெடக்கும்போது வள்ளத்துல இருந்து காத்துக் குழாயப் பாத்துக்கிடுதது அவன்தான். எடுக்குற சங்குல அவனுக்குப் பங்கு உண்டு. இப்ப அவனுக்கும் நெஞ்சு வலி. மாத்திரைய மட்டும் எப்படித் தனியாத் திங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் உயிருக்கே ஆபத்தாயிருக்குமே! உங்களையும் ஆய்வுல இருந்து எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும். நான் பொய் சொன்னா, அத நம்பி நாளைக்கு எத்தன பேரு இதத் திம்பாங்க, சிஸ்டர்? அவன் வெளிய நிக்கான். மொதல்ல அவனப் பாருங்க."

கூட்டாளிக்கு அன்றே இசிஜி எடுத்தோம்.

இப்போதெல்லாம் கேட்டவுடன் "ஆமா சிஸ்டர்" என்று பட்டென்று சொல்கிறவர்களைத்தான் இன்னொரு தடவை கேட்கிறேன்.